ரெண்டு கையும் எங்க இருந்துச்சு

தள்ளி உக்காராதீங்க தம்பி. நான் ஒண்ணும் கடிச்சிர மாட்டேன். இந்தத் துண்டைப் பாத்துட்டுத்தான மொகத்தை ஜன்னல் பக்கம் திருப்புனீங்க? ஆமா, துண்டுக்கு அடியில விலங்குதான். பொம்பளப் பிள்ளைக ஏறி எறங்குற பஸ்ஸு, எதுக்கு அதுக கண்ணுல படணும்னு நான்தான் துண்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டேன். முன்சீட்டுல ஒருத்தரு, பின்னாடி ஒருத்தரு, ரெண்டு ஏட்டும் எனக்குத் தொணைக்கு வாராக. பின்னாடி இருக்கவரு நாகமலை தாண்டும் முன்னாடியே கொறட்டை விட ஆரம்பிச்சிட்டாரு. தேனி கோர்ட்டுல இன்னைக்கு வாய்தா. மதுரை ஜெயில்ல இருந்து கூட்டிட்டுப் போயி, சாயங்காலம் திரும்பக் கொண்டாந்து விட்டுருவாக. நல்ல மனுசங்க. உசிலம்பட்டியில டீ வாங்கித் தாரேன்னு சொல்லியிருக்காக.

எதுக்கு உள்ள போனேன்னு நீங்க கேக்க மாட்டீங்க. கேக்கக் கூச்சம். நானே சொல்லிர்றேன். கேஸ்ல செயிச்ச குத்தத்துக்குப் போனேன் தம்பி. செயிச்சவன் வெளிய இருப்பான், தோத்தவன் உள்ள இருப்பான், அதுதான உலக வழக்கம்? இங்க செயிச்ச நான் உள்ள இருக்கேன். தோத்தவன் கோயமுத்தூர்ல ஏசி ரூம்ல உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டு இருக்கான்.

அந்தா டிரைவரு பாட்டு மாத்துறாரு பாருங்க. கையை நீட்டி, பொட்டியத் தொட்டு, பட்டனை அமுக்கி மாத்துறாரு. அதைத் தொடாம இந்தப் பின்சீட்டுல இருந்தே மாத்தலாம். பக்கத்து ஊர்ல உக்காந்தும் மாத்தலாம். இன்னைக்கு அது சின்னப்பிள்ளை வெளையாட்டு. அதை மொதமொத செஞ்சது யாரு? நான். முத்திருளப்பன். முத்திருளப்பன் சவுண்ட் சர்வீஸ், கரட்டுப்புதூர். ஆண்டிபட்டி தாண்டி மலையடிவாரம். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, எங்க ஊர்ல மைக்செட்டுன்னா என் பேருதான்.

கோயமுத்தூர்ல ரகுநந்தன்னு ஒருத்தன் கம்பெனி வச்சிருக்கான். கோயிலு, கல்யாண மண்டபத்துக்கெல்லாம் ஒரு பொட்டி விக்கிறான். ஆம்பிளிபயரோட சேத்து மாட்டிட்டா, எங்க இருந்து வேணும்னாலும் போன்ல பாட்டைப் போடலாம், நிறுத்தலாம், அடுத்த பாட்டுக்குத் தாவலாம். நல்ல பொட்டிதான், குத்தம் சொல்லல. ஆனா இதை உலகத்துலயே நான்தான் கண்டுபிடிச்சேன், வேற எவனும் செய்யக்கூடாதுன்னு கவர்மெண்டுல பேட்டண்ட் எழுதி வாங்கிட்டான். எங்க மாவட்டத்துல மைக்செட்டு வச்சிருக்க அம்புட்டுப் பேருக்கும் வக்கீல் நோட்டீஸ். ஒங்க கையால செஞ்சு வச்சிருக்கதெல்லாம் ஒடைச்சுப் போடுங்க, எங்க பொட்டிய மாட்டுங்க, இல்லன்னா தொழிலை விடுங்கன்னு.

நான் நோட்டீஸைக் கிழிச்சுப் போட்டுட்டு வேலையப் பாத்தேன். போடியில ஒரு கல்யாணம். அவன் ஆளுக ரெண்டு பேரு சட்டைய உள்ள விட்டுக்கிட்டு வந்து, மேடைக்குப் பின்னால என் பொட்டியப் போட்டோ எடுக்குறாய்ங்க. என்னய்யா வேணும்னு கேட்டேன். ஒருத்தன் இன்னொருத்தன்கிட்டச் சொல்றான், இதுதான் திருட்டுப் பொட்டின்னு. திருட்டுங்கான் தம்பி. எங்கிட்ட.

மைக் ஸ்டாண்டை எடுத்தேன். அடியில வட்டமா இரும்புத் தட்டு இருக்கும்ல, அந்தப் பக்கமாத் திருப்பிப் பிடிச்சேன். மொத அடி முட்டியில. கீழ உக்காந்தவனுக்கு ரெண்டாவது தாடையில. பல்லு தெறிச்சுப் பந்தி வாசல்ல போயி விழுந்துச்சு, பொண்ணுக்குத் தாய்மாமன் அதைச் செருப்பால ஓரமாத் தள்ளிவிட்டாரு, ஆளுக மிதிக்கக் கூடாதுன்னு. இன்னொருத்தன் ஓடுனான். அவன் கால்ல ஸ்பீக்கர் ஒயரைச் சுத்தி இழுத்தேன். மூஞ்சி சிமெண்டுத் தரையில பேந்துருச்சு. நாதஸ்வரக்காரரு நிறுத்தல, கெட்டிமேளம் கொட்டுற நேரம் பாத்துக்கங்க. நான் கோவக்காரன் இல்ல. யாரைய வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. என்னையத் திருடன்னு மட்டும் சொல்லக்கூடாது.

ஏன்னா அதை நான் செஞ்சப்ப அந்த ரகுநந்தனுக்கு மீசையே மொளைச்சிருக்காது. அப்பவெல்லாம் பட்டன் போனு. நம்பர் அமுக்குனா ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு சத்தம் வரும்ல? அந்தச் சத்தத்தைக் கேட்டு, அதுக்குத் தகுந்த சுவிட்சைத் தட்டி விடுற சின்ன போர்டு ஒண்ணு மதுரை டவுன்ஹால் ரோட்டுல கெடைக்கும். பழைய போன் ஒண்ணை, கூப்பிட்டாத் தானா எடுக்குற மாதிரி வச்சு, அந்த போர்டுல கட்டி, போர்டைப் பாட்டுப் பொட்டியோட பட்டன்ல பத்தவச்சேன். இங்க நான் கூப்பிட்டு ரெண்டை அமுக்குனா, அங்க பாட்டு மாறும். மூணை அமுக்குனா நிக்கும். ஒரே நாள்ல கோயில்ல ஒரு செட்டு, காதுகுத்துல ஒரு செட்டு, கட்சிக் கூட்டத்துல ஒரு செட்டுன்னா எல்லாத்துக்கும் நானே ஓட முடியுமா? அதுக்காகச் செஞ்சது. யாருக்கும் சொல்லல. சொன்னா மறுநாளே அடுத்தவன் செஞ்சிருவான். மச்சான் வைரவனுக்கே சொல்லல.

வைரவன்னா என் தங்கச்சி நாகஜோதி புருசன். எங்கூடவே வேலைக்கு வந்தவரு. சாது. ஆம்பிளிபயருக்குச் சாம்பிராணி காட்டாம சுவிட்சைப் போட மாட்டாரு. ஸ்பீக்கர்ல யாரும் கால் பட்டுட்டாத் தொட்டுக் கும்பிடுவாரு. இந்தக் காலத்துக்கு ஆகாத மனுசன். அவரு இப்ப இல்ல, அதுக்கு வாரேன்.

பேட்டண்டை எதுத்து மனுப் போடலாம்னு சொன்னாக. சென்னையில எஸ்தர்னு ஒரு வக்கீலம்மா. சின்ன வயசு, ஆனா தெளிவான பிள்ளை. அது சொல்லுச்சு, அவன் எழுதிக் குடுத்த தேதிக்கு முன்னாடியே இந்த வேலை நம்ம நாட்டுல நாலு பேரு முன்னால நடந்திருந்தா அவன் பேட்டண்ட் செல்லாது சார், ஆனா நடந்துச்சுன்னு நிரூபிக்கணும்னு. எந்தெந்த விசேசத்துல போட்டேன்னு ஒண்ணொண்ணாச் சொல்றேன். எல்லாத்துக்கும் அது கேக்குது, சாட்சி யாரு, தேதிக்கு ஆதாரம் என்ன? நான் ஒளிச்சு வச்சுச் செஞ்ச வேலைக்குச் சாட்சிக்கு எங்க போக?

அப்புறம் சொன்னேன். ஒண்ணு இருக்கும்மா. ஊரே பாத்தது. தேதி போலீஸ்ல இருக்கு, கோர்ட்டுல இருக்கு, பேப்பர்ல இருக்கு. அழிக்க முடியாத தேதின்னு.

சொல்லி முடிச்சதும் அந்தப் பிள்ளை பேனாவை மூடி வச்சிருச்சு. இதை விட்ருங்க சார், வேற தேடுவோம், இது ஒங்களை வேற எங்கயோ கொண்டுபோயி விட்டுரும்னு சொல்லுச்சு. மேசையில ஒரு குத்துக் குத்துனேன். தண்ணி டம்ளர் கீழ விழுந்து செதறிருச்சு. எங்க கொண்டுபோனாலும் போகட்டும்மா, மொதல்ல செஞ்சவன் நான்னு ஆகணும்னு சொன்னேன். அது கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிக்கிட்டே, நல்லா யோசிச்சிட்டு வாங்கன்னுச்சு. நான் யோசிக்கிற ஆளு இல்லம்மான்னேன்.

உசிலம்பட்டி வந்திருச்சு போல. அண்ணே, டீ? வடை வேணாம். தம்பிக்கும் ஒண்ணு சொல்லுங்க. அட குடிங்க தம்பி, ஏட்டய்யா காசுதான்.

என்ன சொன்னேன்? ஆங். எங்க ஊர்ல மேலத்தெரு, கீழத்தெருன்னு ரெண்டு. நாங்க கீழத்தெரு. ரெண்டு தெருவுக்கும் ஒரே அம்மன். பங்குனியில பொங்கல். முளைப்பாரி எடுத்துக்கிட்டு மேலத்தெரு வழியாத்தான் கம்மாய்க்குப் போகணும். போகையில மைக்செட்டுல அம்மன் பாட்டு மட்டும்தான் போடணும். வருசா வருசம் தாசில்தார் முன்னால ரெண்டு தெருவும் கையெழுத்துப் போட்டுக் குடுத்த பெறகுதான் காப்பே கட்டுவாக. ஏன்னா எங்க தெருவுக்குன்னு ஒரு பாட்டு இருக்கு. எங்காளு ஒருத்தரைப் பத்தி, அவரு அருவாளைப் பத்தி, இன்னும் கொஞ்சம் அவய்ங்க வீட்டுப் பொம்பளைகளைப் பத்தி. பஸ்ல சொல்ற மாதிரி இல்ல.

அந்த வருசம் காலையில, மேலத்தெரு முக்கு வேப்பமரத்துல கொழா ஸ்பீக்கர் கட்ட ஏறுனேன். வீரணன்னு அந்தத் தெருவுல பெரிய ஆளு. யாரைக் கேட்டுடா ஏறுன, எறங்குடான்னான். எறங்குனேன். அறைஞ்சான். கோலம் போட்டுக்கிட்டு இருந்த பொம்பளைக பாக்க அறைஞ்சான். அம்புட்டுத்தான், வேற ஒண்ணும் நடக்கல. பேசாமத் திரும்ப ஏறிக் கொழாவைக் கட்டிட்டு எறங்குனேன். ஆனா அந்த அறை இன்னும் இந்தக் கன்னத்துல சூடாத்தான் இருக்கு தம்பி. வேணும்னாத் தொட்டுப் பாருங்க.

மத்தியானம் ஊர்வலம் மேலத்தெரு முக்குக்கு வந்து நின்னு கும்மி அடிக்கும். அங்கதான் என் செட்டு மேசை. நாகஜோதி புருசனுக்குத் தூக்குவாளியில சோறு கொண்டாந்திருந்தா, இடுப்புல பொம்பளப் பிள்ளை. நான் மச்சான்கிட்ட, ஒயர் ஒண்ணு விட்டுப்போச்சு, பாத்துட்டு வாரேன், நீங்க சாப்புட்டுக்கிட்டே செட்டைப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு, தண்ணி டேங்க் மேல ஏறிட்டேன். அங்க இருந்து பாத்தா அம்புட்டும் தெரியும். வீரணன் மல்லுவேட்டி கட்டி முன்னால நிக்கிறது தெரியுது. என் கன்னம் எரியுது. போன்ல ரெண்டை அமுக்குனேன்.

எங்க தெருப் பாட்டு, மச்சானுக்குத் தெரியாம செட்டுல நான் அடுத்தடுத்து ஏத்தி வச்சிருந்தது, நாலு கொழாயிலயும் கெளம்புச்சு பாருங்க. கும்மி நின்னு போச்சு. ஒருத்தனுக்கும் என்னன்னு புரியல. வீரணன் மொகம் போன போக்கு இருக்கே, அதுக்குத்தான் தம்பி செஞ்சேன். கண்ணாரப் பாத்தேன். நடுவுல பாட்டு ஒரு தடவ நின்னுச்சு. மறுபடி அமுக்குனேன், மறுபடி வந்துச்சு. அதுக்கப்புறம்தான் அருவாளை ஓங்குனாய்ங்க.

பக்கத்துல பொண்டாட்டி நிக்கிறா, கையில பிள்ளை இருக்கு, எவன் அவரு மேல கை வைப்பான்னுதான் நான் நெனச்சேன். செட்டை ஒடைப்பாய்ங்க, போலீஸ் வரும், வீரணனை வண்டியில ஏத்தும். அப்படித்தான் நான் போட்ட கணக்கு. மச்சானுக்கு நேரம் சரியில்ல. மொத வெட்டு தோள்ல எறங்குச்சு. அவரு சரிஞ்சு மேசையப் பிடிச்சாரு. அடுத்தது கழுத்துல. அதுக்கப்புறம் யாரு யாரு வெட்டுனான்னு கோர்ட்டுலயே முடிவாகல, அம்புட்டு வெட்டு. கீழ விழுந்த பெறகும் வெட்டுறாய்ங்க, கட்டையப் பொளக்குற மாதிரி. நாகஜோதி பிள்ளைய மேசைக்கு அடியில தள்ளிவிட்டுட்டு அவரு மேல போயி விழுந்தா. அவ முதுகுலயும் ஒண்ணு விழுந்துச்சு. சோத்து வாளி உருண்டு தெருவுக்கு நடுவுல போயி நிக்கிது. பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு. மூணை அமுக்குனா நின்னிருக்கும். எனக்குத் தோணல. பெறகு செட்டைக் கொளுத்துனாய்ங்க, அப்பத்தான் பாட்டு நின்னுச்சு.

என் போர்டு, அதுல கட்டியிருந்த போனு, எல்லாம் அந்தத் தீயில போச்சு. அது எம்புட்டுப் பெரிய நஷ்டம்னு அன்னைக்கு எனக்குத் தெரியல தம்பி. இருந்திருந்தா நேராக் கொண்டுபோயி சென்னையில அவய்ங்க மேசையில வச்சிருப்பேன், கேஸ் ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்.

பொழுது சாயுறதுக்குள்ள எங்க தெருவுல பாதி வீடு எரிஞ்சிருச்சு. பதிலுக்கு எங்காளுகளும் சும்மா இருக்கல. அதை விடுங்க. எழவு வீட்டுல நாகஜோதி முதுகுல கட்டோட உக்காந்து ஒண்ணையே சொல்லிக்கிட்டு இருந்தா. அவரு போடல, பாட்டு தானா மாறுச்சு. வாரவுக போறவுக எல்லாத்துக்கிட்டயும் அதையேதான். அவரு போடல, பாட்டு தானா மாறுச்சு. எழவுக்கு வந்த சனம் ஒருத்தரை ஒருத்தர் பாக்குது. போலீஸ்காரரு எழுதாம எந்திரிச்சுப் போயிட்டாரு. என்னையப் பாத்து, அண்ணே நீயாவது சொல்லுண்ணே, அவரு அப்படிச் செய்வாரான்னு கேட்டா. விட்டேன் ஒரு அறை. சவத்துக்கு முன்னாடிதான். கட்டுப் போட்ட முதுகோட சொவத்துல போயி மோதுனா. அதுக்குப் பெறகு பேசல. அவ நல்லதுக்குத்தான் செஞ்சேன். புத்தி பெரண்டு போச்சுன்னு சொல்லிட்டா பிள்ளைய யாரு கட்டுவா நாளைக்கு?

கொலைக் கேஸ்ல சாட்சின்னு கோர்ட்டுல என்னைய ஏத்துனாய்ங்க. மச்சான் கை தவறிப் போட்டுட்டாருங்கய்யான்னு சொன்னேன். செத்தவருக்கு இனிமே என்ன வந்திரப் போகுது? வீரணன் மகனும் இன்னும் ரெண்டு பேரும் ஆயுள் வாங்குனாய்ங்க. எங்க தெருச் சனம்தான் மோசம். ஒம்புருசன் கையாலதான் எங்க வீடு எரிஞ்சுச்சுன்னு குழாயடியில குடத்தை எத்தி விட்டுருக்காளுக. நாகஜோதி பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கம்பத்துக்குப் போயிட்டா, திராட்சைத் தோட்டத்துல கூலிக்கு. நல்லது கெட்டதுக்கு எங்க வீட்டுப் பக்கம் வாரதில்ல. கோவக்காரி. எங்க வம்சமே அப்படித்தான்.

சரி, பேட்டண்டுக்கு வாரேன். சென்னைப் பேட்டண்ட் ஆபீஸ்ல விசாரணை. ரகுநந்தன் வக்கீலு எந்திரிச்சான். இவரே கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்காரு, மச்சான் கையாலதான் பாட்டு மாறுச்சுன்னு, இப்ப வந்து தூரத்துல இருந்து நான் மாத்துனேன்னு சொன்னா எதை நம்புறதுன்னு கேட்டான். எனக்கு வந்துச்சே ஒரு வேகம். நாற்காலியத் தூக்கிட்டேன். எஸ்தர் பிள்ளை சட்டையப் பிடிச்சு இழுக்கலன்னா அவன் மண்டை அன்னைக்கே ரெண்டு. ரகுநந்தன் சிரிச்சான் தம்பி. நாசூக்கா, கர்ச்சீப்பை வாயில வச்சுச் சிரிச்சான். எனக்கு வீரணன் அறைஞ்சது மாதிரியே இருந்துச்சு.

அதிகாரி கேட்டாரு, அந்த நேரம் மேசைக்குப் பக்கத்துல இருந்த ஆளு யாரும் இருக்காகளா?

கம்பத்துக்குப் போனேன். கொடிக்கு அடியில குனிஞ்சு நிண்டா. அம்புட்டு வருசத்துக்குப் பெறகு அண்ணனைப் பாக்குறா, வாண்ணேன்னு ஒரு வார்த்தை இல்ல. நான் அதைப் பெருசா எடுத்துக்கல. உக்கார வச்சு எல்லாத்தையும் வெவரமாச் சொன்னேன். நம்பர் சத்தம், போர்டு, தானா எடுக்குற போனு, ரெண்டுக்கு என்ன, மூணுக்கு என்ன. சாட்சி சொல்றவளுக்கு வெசயம் தெரியணும்ல. கத்திரிக்கோலைக் கையில பிடிச்சபடி கேட்டுக்கிட்டே இருந்தா. மடியில கெடந்த பச்சைக் கொடியைத் துண்டு துண்டா நறுக்குனா. கூலிக்காரிக்கு உக்காந்தாலும் கை சும்மா இருக்காது போலன்னு நெனச்சேன்.

முடிச்சதும் கேட்டா, “எங்க இருந்து அமுக்குன?”

தண்ணி டேங்க் மேல இருந்துன்னேன்.

“அங்க இருந்து பாத்தா எங்களைத் தெரிஞ்சுச்சா?”

நல்லாத் தெரிஞ்சுச்சேன்னேன். கத்திரிக்கோலைக் கீழ வச்சா. நான் வந்து சொன்னா எழுதிக்குவாகளான்னு கேட்டா. எழுதி, சீல் வச்சு, ஆபீஸ்ல நெரந்தரமா வைப்பாக, சர்க்கார் சும்மாவான்னேன். அப்ப வாரேன்னா. பாருங்க, பெறத்தியார்னா வருவாளா?

ரயில்ல சென்னை வரைக்கும் எதுத்த சீட்டுல உக்காந்து என் கையவே பாத்துக்கிட்டு வந்தா. இட்லி வாங்கிக் குடுத்தேன், தொடல.

விசாரணையில அவளைத்தான் மொதல்ல கூப்பிட்டாக. சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கிட்டு நிண்டா. ஒரு பயம் இல்ல. அவரு சாப்புட்டுக்கிட்டு இருந்தாரு, சோத்துக் கை, மறுகையில பிள்ளை, பாட்டு தானா மாறுச்சுன்னு சொன்னா. ரகுநந்தன் வக்கீலு மடக்குனான். சாப்புடுறதுக்கு முன்னாடியே அவரு மாத்தி வச்சிருக்கலாமேம்மா, பாட்டு வரக் கொஞ்சம் நேரம் ஆகியிருக்கும்னான்.

“இல்லய்யா. பாட்டு வந்ததும் அவரு பதறி எந்திரிச்சு, எச்சிக் கையோடயே நிறுத்திட்டாரு. பட்டன்ல சோறு ஒட்டியிருந்துச்சு. நான் பாத்தேன். பெறகு பிள்ளைய எங்கிட்டக் குடுத்துட்டு அவுகளப் பாத்துத் திரும்புனாரு. அவுகளும் நின்னுட்டாக. அருவாளை எடுத்தவுக கூடக் கீழ போட்டுட்டாக. அப்ப மறுபடி பாட்டு வந்துச்சு.”

அதிகாரி வயசானவரு, கண்ணாடியக் கழட்டிட்டுக் கேட்டாரு, “மறுபடி பாட்டு வரும்போது ஒங்க வீட்டுக்காரர் ரெண்டு கையும் எங்கம்மா இருந்துச்சு?”

“கும்பிட்டுக்கிட்டு இருந்துச்சுய்யா,” அப்படின்னா. தலைக்கு மேல ரெண்டு கையையும் தூக்கி, எப்படிக் கும்பிட்டாருன்னு செஞ்சு காட்டுனா. கையக் கீழ எறக்கவே இல்ல. அதிகாரி போதும்மா, போதும்மான்னு ரெண்டு தடவ சொன்ன பெறகுதான் எறக்குனா.

அங்க முடிஞ்சுச்சு தம்பி ரகுநந்தன் கதை. அதுக்கு மேல எந்த வக்கீலு என்ன பேச முடியும்? மேசைக்கிட்ட இருந்தவன் ரெண்டு கையும் தலைக்கு மேல இருக்கு, பாட்டு மாறுது. தூரத்துல இருந்து ஒருத்தன் மாத்துனா ஒழிய அது நடக்குமா? எஸ்தர் பிள்ளை மட்டும் ஏன்னு தெரியல, சந்தோசப்படாம வெளிய எந்திரிச்சுப் போயிருச்சு. மொகம் கழுவிட்டு வந்துச்சு.

எனக்கு அவரு கும்பிட்டது நல்லா ஞாபகம் இருக்கு. டேங்க் மேல இருந்து அதைப் பாத்ததும்தான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கீழத்தெருக்காரன், என் மச்சான், மேலத்தெருக்காரனைப் பாத்து நடுத்தெருவுல கையெடுத்துக் கும்பிடுறான். காலையிலதான் என்னைய அறைஞ்சிருக்கான் அவன். அதான் மறுபடி அமுக்குனேன். எந்த மானமுள்ளவனும் அமுக்கத்தான் செய்வான்.

தீர்ப்பு வந்துச்சு. பேட்டண்ட் ரத்து. கரட்டுப்புதூர் முத்திருளப்பன் இன்ன தேதியில, இன்ன எடத்துல, தண்ணித் தொட்டி மேல இருந்து பாட்டை ரெண்டு தடவ இயக்கினார்னு இங்கிலீசுல என் பேரு போட்டு எழுதியிருக்காக. எஸ்தர் பிள்ளையைப் படிக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டேன். நாகஜோதி அந்தப் பிள்ளைகிட்ட, சீல் வச்ச காப்பி ஒண்ணு எனக்கும் வேணும்மான்னு கேட்டு வாங்கிக்கிட்டா. பெருமை இருக்காதா? கூடப்பொறந்த அண்ணன் பேரு அதுல இருக்குல்ல.

மைக்செட்டுச் சங்கத்துல எனக்குத் தேனியில பாராட்டு விழா எடுத்தாக. ஆளுயர மாலை. மேடையில ஏறி, மைக்கைப் பிடிச்சு, இந்தியாவுலயே மொதமொதன்னு ஆரம்பிக்கிறேன், இன்ஸ்பெக்டர் ஏறி வாராரு. பாராட்டத்தான் வாராருன்னு நான் கையை நீட்டுனேன். மாலையோட ஜீப்புல ஏத்துனாய்ங்க. ஸ்டேசன்ல போயிப் பாத்தா மேசையில அந்தத் தீர்ப்புக் காப்பி, பக்கத்துல நாகஜோதி குடுத்த புகார். என்னென்னமோ செக்‌ஷன் சொன்னாய்ங்க. மச்சான் சாவுக்கு நான் காரணம்னு ஒண்ணு, கோர்ட்டுல பொய் சொன்னேன்னு ஒண்ணு.

அவ தானாப் போகல தம்பி. நான் அதை நம்பவே மாட்டேன். படிக்காத பொம்பளை, திராட்சைத் தோட்டத்துக்காரி, அவளுக்குப் புகார் எழுதத் தெரியுமா? பின்னால ரகுநந்தன் இருக்கான். தோத்த வயித்தெரிச்சல். அவன் கோயமுத்தூர்ல உக்காந்து அமுக்குறான், இவ இங்க ஆடுறா. தூரத்துல இருந்து ஒருத்தன் எப்படி வேலை செய்வான்னு எனக்குத் தெரியாதா? அந்த வித்தைய மொதல்ல செஞ்சவனே நான்தான?

நான் வெளிய வரட்டும், அவனை மைக் ஸ்டாண்டால எல்லாம் அடிக்க மாட்டேன். மைக் ஒயரு போதும். கழுத்துல ரெண்டு சுத்து. சும்மா சொன்னேன் தம்பி, பயந்துராதீங்க. ஏட்டய்யா முழிச்சிட்டாரு.

கணவாய் ஏறுது பாருங்க, காத்து மாறிருச்சு. இந்தத் துண்டைக் கொஞ்சம் இழுத்து விடுங்க. ரெண்டு கையும் ஒண்ணாச் சேந்தே கெடக்குறது எனக்கு ஆகவே இல்ல. பாக்குறவனுக்கு எவனையோ கும்பிடுற மாதிரி இருக்கும்.

இன்னைக்கு நாகஜோதி சாட்சி. போன வாய்தாவுக்கே வந்திருந்தா. வராண்டாவுல நிண்டா, பக்கத்துல மக. பிள்ளை வளந்திருச்சு, அப்படியே வைரவன் சாடை. என்னையக் கூட்டிட்டுப் போகையில நான் நின்னு சொன்னேன். ஜோதி, எவன் என்ன சொல்லிக் குடுத்திருந்தாலும் மாத்திப் பேசிராத, சென்னையில சொன்னதை அப்படியே இங்கயும் சொல்லு, செஞ்சது எங்கண்ணன்தான்னு சொல்லுன்னேன். கட்டாயம் மூஞ்சியத் திருப்பிக்கிருவான்னுதான் நெனச்சேன். திருப்பல. கிட்ட வந்தா. அந்த அறைக்குப் பெறகு அவளாத் தேடி வந்து எங்கிட்டப் பேசுனது அதுதான்.

“சொல்றேண்ணே. நீதான் அமுக்குனன்னு சொல்றேன். ரெண்டு தடவயும் நீதான்னு சொல்றேன். யாரு கேட்டாலும் சொல்றேன், சாகுற வரைக்கும் மாத்திச் சொல்ல மாட்டேன்.”

கேட்டீங்களா தம்பி? சங்கத்துக்காரன் ஒருத்தன் எட்டிப் பாக்கல. எஸ்தர் பிள்ளை போன் எடுக்குறதில்ல. எல்லாரும் விட்டுட்டாலும் கூடப்பொறந்தவ விடுறாளா பாருங்க.